ஒழுகும் குழாயை நாமே சரிசெய்ய: வேலை தொடங்குவது மொட்டை மாடியில்

நான் முதன்முதலில் குழாயைக் கழற்றியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கீழ்த்தளக் குளியலறைக் குழாய் ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பிளம்பருக்குப் போன் செய்தால் "நாளைக்கு வர்றேன் சார்" என்பார். அந்த நாளை மட்டும் வராது. சரி, நாமே பார்த்துவிடலாம் என்று மாடிக்குப் போய் டேங்கிலிருந்து இறங்கும் வால்வு ஒன்றை மூடிவிட்டு வந்து ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். கடைசி மரை விட்டதும் ஸ்பிண்டில், அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் உள்தண்டு, கையோடு வந்துவிட்டது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது, எதிர்ச்சுவர் வரைக்கும். கட்டை விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, "மாடிக்கு ஓடு, வால்வை மூடு" என்று மகனைப் பார்த்துக் கத்தினேன். அவன் மேலேயிருந்து திருப்பிக் கத்தினான்: "எந்த வால்வுப்பா? இங்க நாலு இருக்கு!"

நான் மூடியிருந்தது சமையலறை லைன்.

அந்தச் சொட்டைச் சரிசெய்ய உண்மையில் பத்து நிமிடம் போதும். தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவைத்திருப்பதுதான் பெரிய வேலை. அதனால் இந்த வழிகாட்டி குழாயில் தொடங்காமல் மாடியில் தொடங்குகிறது. நம் ஊரில் பலர் குழாயையும் 'பைப்' என்றுதான் சொல்வோம். குழம்பாமல் இருக்க, திறந்து மூடுவதை இங்கே குழாய் என்றும், சுவருக்குள் ஓடுவதைப் பைப் அல்லது லைன் என்றும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு டம்ளர்

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு டம்ளரை எடுங்கள். குழாயை மூடிவிட்டு அடியில் வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் 200 மில்லி டம்ளர் 15 நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 800 மில்லி, நாளைக்கு 19 லிட்டருக்கு மேல், மாதத்துக்கு ஏறக்குறைய 575 லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்கில் பாதிக்கும் மேலே சாக்கடைக்குப் போயிருக்கிறது, அதுவும் மோட்டார் போட்டு ஏற்றிய தண்ணீர். வேலை முடிந்த பிறகும் இதே டம்ளர் தேவைப்படும், தூர வைத்துவிடாதீர்கள்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குழாயை நன்றாகத் துணியால் துடைத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரை ஒவ்வோர் இடமாக ஒற்றி எடுத்தால் தெரிந்துவிடும். மூடிய பிறகும் வாயிலிருந்து சொட்டினால் வாஷர் அல்லது ஸ்பிண்டில் போய்விட்டது. திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடிக்கு அடியில் கசிந்தால், தண்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கிளாண்ட் அல்லது ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போய்விட்டது. சுவரோடு சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் மரையில் சுற்றிய டெஃப்லான் டேப் சரியில்லை, குழாயையே கழற்றி மாட்ட வேண்டும். குழாயின் உடம்பிலேயே கீறல் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, புதுக் குழாய்தான். கீறலின் மேல் எம்-சீல் பூசி ஒப்பேற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்; அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் இடத்தில் அது நிலைப்பதில்லை.

மாடியில் செய்ய வேண்டியது

டேங்கின் அடியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வால்வு இருக்கும். பழைய வீடுகளில் சக்கரம் வைத்த கேட் வால்வு, புதியவற்றில் கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் மூடும் பால் வால்வு. கைப்பிடி பைப்போடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

எது எந்த லைன் என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மாடியில், ஒருவர் கீழே போனோடு. ஒரு வால்வை மூடுங்கள். கீழே இருப்பவர் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்து, எவையெல்லாம் நின்றன என்று சொல்லட்டும். பிறகு அதைத் திறந்துவிட்டு அடுத்தது. நான் பழைய பெயின்ட் டப்பாவில் மிச்சமிருந்ததை வைத்து ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு நிறம் பூசி, டேங்க் சுவரில் 'நீலம் – கீழ் பாத்ரூம்' என்கிற மாதிரி எழுதிவைத்தேன். வெயிலில் மார்க்கர் மை மூன்றே மாதத்தில் மறைந்துவிடுகிறது. பெயின்ட் அப்படியே இருக்கிறது.

வருடக்கணக்கில் தொடாத கேட் வால்வு இறுகிப்போயிருக்கும். அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். கொஞ்சம் மூடும் பக்கம், கொஞ்சம் திறக்கும் பக்கம் என்று ஆட்டி ஆட்டித் தளர்த்துங்கள். பைப் ரிஞ்சைப் போட்டு முழு பலத்தையும் காட்டினால் வால்வு திரும்பாது, டேங்கோடு சேரும் பிவிசி பைப் முறியும். அப்புறம் மொத்த டேங்கும் மாடியில்தான்.

மூடினாலும் முழுதாக நிற்காத வால்வும் உண்டு. அப்படியானால் மோட்டார் போடாமல், இருக்கிற தண்ணீரை வாளிகளில் பிடித்துவைத்துக்கொண்டு, டேங்க் காலியாகும் நேரத்தில் வேலையை வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. பிளம்பர்கள் செய்யும் ஒரு வித்தையும் இருக்கிறது: பழைய துணியைப் பந்தாகச் சுருட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு நூல் கட்டி, டேங்குக்குள்ளிருந்து அந்த லைனின் வாயில் வைத்து அடைப்பார்கள். தண்ணீரின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். நூலின் மறுமுனையை வெளியே கட்டாயம் கட்டுங்கள். துணி பைப்புக்குள் போய்விட்டால் அதை வெளியே எடுப்பது தனிக்கதை.

மோட்டார் சுவிட்சையும், தானாக மோட்டார் போடும் கன்ட்ரோலர் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். கீசரை அணைப்பது அதைவிட முக்கியம். தண்ணீர் வராத கீசர் ஓடக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் உங்கள் வீட்டு வால்வு டக்டில், அதாவது பைப்புகள் மேலும் கீழும் ஓடும் குறுகிய இடைவெளியில், இருக்கும். சில இடங்களில் ஒரே வால்வு மேல் கீழ் வீடுகளுக்கும் சேர்த்து இருக்கும். மூடுவதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சோப்புப் போட்டுக்கொண்டு நிற்பவர் சாபம் பொல்லாதது.

இப்போது கீழே வந்து அந்தக் குழாயையும், அதே லைனில் அதைவிடத் தாழ்வாக இருக்கும் இன்னொரு குழாயையும் திறந்துவையுங்கள். தண்ணீர் மெலிந்து, நூலாகி, நிற்கும். நின்ற பிறகும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். நான் அன்று செய்யத் தவறியது இந்த ஐந்து நிமிடத்தைத்தான்.

இரண்டு மாடி வீட்டில் கீழ்த்தளக் குழாய்க்கும் டேங்குக்கும் ஏழெட்டு மீட்டர் உயரம் இருக்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் தரும். அரை இஞ்ச் ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்து நான் தாக்குப்பிடித்தது அதனால்தான். பிரஷர் பம்ப் வைத்த வீட்டில் அது நடக்காது. அங்கே பம்பை அணைத்து, லைனில் இருக்கும் அழுத்தத்தைத் திறந்துவிட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்

ஒரு அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், நல்லதாக ஒரு திருப்புளி, பைப் ரிஞ்சு ஒன்று, பழைய டூத் பிரஷ், துணி, டார்ச், இரண்டு ரோல் டெஃப்லான் டேப். ரிஞ்சைக் கடன் வாங்கலாம். ஸ்பேனரை மட்டும் சொந்தமாக, கொஞ்சம் விலை கொடுத்தே வாங்குங்கள். மலிவானதில் வாய் விரிந்து நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

வாஷர், ஸ்பிண்டில் எதையும் முன்கூட்டியே வாங்கிவைக்காதீர்கள். கழற்றியதைக் கையில் எடுத்துக்கொண்டு போனால்தான் சரியானது கிடைக்கும். ஆகவே ஹார்டுவேர் கடை திறந்திருக்கும் நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குக் குழாயைப் பிரித்துப்போட்டுவிட்டு, ஷட்டர் இறக்கிய கடை முன்னால் நான் நின்றிருக்கிறேன்.

குழாயைப் பிரிப்பது

முதல் காரியமாகத் தரையில் இருக்கும் ஜாலியைத் துணியால் மூடுங்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் அந்தச் சின்னத் திருகாணி கீழே விழுந்தால் நேராக அங்கேதான் போகும்.

கைப்பிடியின் தலையில் சிவப்பும் நீலமுமாக ஒரு சின்ன மூடி இருக்கும். திருப்புளி நுனியாலோ நகத்தாலோ நெம்பினால் வந்துவிடும். உள்ளே ஒரு திருகாணி. அதைக் கழற்றி, கைப்பிடியை மேல்நோக்கி இழுங்கள். உப்பு பிடித்து வராவிட்டால், வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்துவிட்டு, மெல்ல ஆட்டி ஆட்டி எடுக்கலாம். சுத்தியலுக்கு இங்கே வேலை இல்லை.

கைப்பிடிக்குக் கீழே அறுகோண நட்டு ஒன்று தெரியும். துணியைச் சுற்றி ஸ்பேனரை மாட்டி, இடப்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்புங்கள். இன்னொரு கையால் குழாயின் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. நட்டு திரும்பாமல் குழாயே சுவருக்குள் திரும்பினால், சுவரிலிருந்தும் கசிய ஆரம்பித்து ஒரு வேலை இரண்டாகிவிடும்.

வெளியே வருவது இரண்டில் ஒன்றாக இருக்கும். நாலைந்து சுற்றுத் திருப்பி மூடும் பழைய வகை என்றால், தண்டின் அடியில் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். கால்வட்டம் திருப்பினால் மூடும் புதிய வகையில் வாஷரே கிடையாது. இரண்டு செராமிக் வில்லைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கித் தண்ணீரை அடைக்கும்.

பழைய வகையில் வாஷரைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வாஷர் போய் உட்காரும் விளிம்பு அழுத்தி அழுத்தி வந்த பள்ளம் அது. பலர் இதை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள், ஒரு மாதத்தில் மறுபடியும் சொட்டுகிறது. டார்ச் அடித்துக் குழாயின் உள்ளே பாருங்கள். அடியில் வட்டமாகத் தெரியும் அந்தப் பித்தளை விளிம்புதான் சீட். அதில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் வினிகரும் டூத் பிரஷ்ஷும் போதும். விரலை விட்டுத் தடவினால் பல் பல்லாகக் கீறுகிறதா? அப்படியானால் எந்த வாஷர் போட்டாலும் நிற்காது. சீட்டைத் தேய்த்துச் சமன்செய்யும் கருவி இருக்கிறது. ஆனால் வீட்டில் ஒரு குழாய்க்காக அதை வாங்குவதைவிடப் புதுக் குழாய் மாட்டுவது புத்திசாலித்தனம்.

செராமிக் வகையில் வில்லைகளுக்கு நடுவே மணல் துணுக்கோ உப்புத் துணுக்கோ சிக்கியிருக்கலாம். ஸ்பிண்டிலை ஒரு கிண்ணம் வினிகரில் ஒரு மணி நேரம் போட்டு, கழுவி, திரும்ப மாட்டிப் பாருங்கள். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். வில்லை கீறியிருந்தால் ஸ்பிண்டிலையே முழுதாக மாற்ற வேண்டும்.

உப்பு, உப்பு என்று ஏன் இத்தனை முறை சொல்கிறேன் என்றால், நாங்கள் தாம்பரம் பக்கம், போர் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இன்படி கடினத்தன்மை (கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்பின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை. பல இடங்களில் போர் தண்ணீர் இதைத் தாண்டிவிடும். அந்தத் தண்ணீர் காய்ந்த இடத்திலெல்லாம் கால்சியம் வெள்ளையாகத் தங்கும். வாஷரின் அடியிலும் தங்கும். சரியாக மூடவில்லையே என்று நாம் இன்னும் பலமாகத் திருகுவோம், வாஷர் இன்னும் சீக்கிரம் நசுங்கும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் என் அக்கா வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை. "குழாய்க்கெல்லாமா வாஷர் மாத்துவாங்க?" என்று கேட்கிறாள்.

கடையில்

பழைய ஸ்பிண்டிலைக் கடைக்காரர் முன்னால் வைத்ததும், "குவார்ட்டர் டர்னா, ஃபுல் டர்னா? லெஃப்ட்டா, ரைட்டா?" என்பார். கால்வட்ட வகையில் இடப்பக்கம் திறப்பது, வலப்பக்கம் திறப்பது என்று இரண்டு உண்டு. மாற்றி மாட்டினால் கைப்பிடி தலைகீழாக வேலை செய்யும். புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து மூன்றைப் பாருங்கள்: நீளம், மரையின் பருமன், கைப்பிடி உட்காரும் தலையில் இருக்கும் பற்கள். பற்களின் எண்ணிக்கை ஒன்றிரண்டு வித்தியாசப்பட்டாலே கைப்பிடி ஏறாது. அதனால் கைப்பிடியையும் பையில் போட்டுக்கொண்டு போய் அங்கேயே மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

திரும்ப மாட்டுவது

மாட்டும் முன் ஒரு விநாடி மட்டும் மாடி வால்வைத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஸ்பிண்டில் இருந்த ஓட்டைக்கு நேராக வாளியைப் பிடித்துக்கொண்டால், லைனில் உதிர்ந்து கிடக்கும் உப்பும் துருவும் வெளியே வந்துவிடும். இல்லாவிட்டால் அதே குப்பை புது வில்லைக்கு நடுவில் போய் உட்காரும்.

பழைய வகை ஸ்பிண்டிலை மூடிய நிலையில் வைத்து இறுக்காதீர்கள். பாதி திறந்த நிலையில் வைத்துக் கையால் மரையைப் பிடிக்கவையுங்கள். மூடிய நிலையில் இறுக்கினால் வாஷர் சீட்டில் நசுங்கிப் பிறக்கும்போதே கிழவனாகிவிடும். மரை தானாக இறங்க வேண்டும். முதல் சுற்றிலேயே கடினமாக இருந்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். கையால் போகும் வரை போனபின் ஸ்பேனரால் கால் சுற்று, அரைச் சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

கைப்பிடிக்கு அடியில் கசிவது மட்டும்தான் பிரச்சினை என்றால் ஸ்பிண்டிலைக் கழற்றவே தேவையில்லை. தண்டைச் சுற்றியிருக்கும் சின்ன கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். கேட்காவிட்டால் நட்டைத் தூக்கி, டெஃப்லான் டேப்பைத் திரி மாதிரி முறுக்கித் தண்டைச் சுற்றி இரண்டு மூன்று முறை சுற்றி அழுத்திவிட்டு நட்டை இறுக்குங்கள். முன்பெல்லாம் இதற்குச் சணல் நூல்தான். ஓ-ரிங் வைத்த வகையில் அதே அளவு ரிங் வாங்கி மாட்டினால் போதும்.

குழாயையே மாற்றுவதானால்

இதில் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், அதைவிடக் கொஞ்சம் பயமும் வேண்டும். முதலில் உங்கள் வீட்டு லைன் என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய வீட்டில் இரும்பு ஜிஐ பைப். கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் கட்டியதாக இருந்தால் பெரும்பாலும் சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப், இளமஞ்சள் நிறத்தில் இருக்கும். சிபிவிசி லைனின் முனையில் பித்தளை மரை பதித்த எல்போ (வளைந்த இணைப்பு) ஒன்று சுவருக்குள் புதைந்திருக்கும். குழாய் அதில்தான் ஏறியிருக்கிறது. ரிஞ்சைப் போட்டு வெறியோடு திருகினால் பித்தளை அசையாது, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விரியும். டைலை உடைக்காமல் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஜிஐ லைனில் பயம் வேறு: துருவேறிய மரை உள்ளேயே முறிந்து துண்டாக நின்றுவிடும்.

ஆகவே நிதானமாக அழுத்தம் கொடுங்கள். அசையவில்லை என்றால் சுற்றிலும் வினிகர் துணி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; அவரிடம் உள்ளே முறிந்த துண்டை எடுக்கும் கருவி இருக்கிறது, நம்மிடம் இல்லை.

குழாய் கழன்று வந்துவிட்டால், சுவருக்குள் இருக்கும் மரையில் ஒட்டியிருக்கும் பழைய டேப்பையும் சணலையும் பிரஷ்ஷால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். புதுக் குழாயை டேப் சுற்றாமல் ஒருமுறை கையால் ஏற்றிப் பாருங்கள். டைல் ஒட்டிய பிறகு எல்போ ரொம்ப உள்ளே போயிருந்தால் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். அப்படியானால் நீளம் கூட்டும் சின்ன இணைப்பான எக்ஸ்டென்ஷன் நிப்பிள் ஒன்று வாங்கி நடுவில் போட வேண்டும்.

இப்போது டேப். டெஃப்லான் பசை இல்லை. நான்-ஸ்டிக் தவாவில் ஒட்டாமல் இருக்கப் பூசுவதும் இதே பொருள்தான். மரைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்பி, இறுக்கும்போது வழுக்கிக்கொடுத்து இன்னும் கொஞ்சம் உள்ளே போகவைப்பதுதான் அதன் வேலை. குழாயின் மரைமுனை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்க இறுக்க டேப் பிரிந்துகொண்டே வரும். முதல் மரையை மட்டும் விட்டுவிட்டு, டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து, பாதிக்குப் பாதி மேலே ஏறும்படி சுற்றுங்கள். மரையின் பள்ளம் மேடு டேப்புக்கு மேலேயும் தெரிய வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் மூன்று சுற்று போதும் என்பார்கள். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப்புக்கு அது பத்தாது. நான் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுகிறேன்.

நிறுத்துங்கள், சுவரோடு ஒட்டும் அந்த வட்டத் தட்டைக் குழாயில் கோர்த்தீர்களா? பிளாஞ்ச் என்பார்கள். நான் இரண்டு முறை அதை மறந்து, எல்லாம் இறுக்கி முடித்துக் கீழே பார்த்தால் அது தரையில் பளபளவென்று கிடக்கும். மறுபடி கழற்றிப் புது டேப் சுற்றித்தான் மாட்ட வேண்டும்.

கையால் ஏற்றுங்கள். கை இறுகிய பிறகு ஒன்று, ஒன்றரைச் சுற்றில் குழாயின் வாய் நேராகக் கீழே பார்த்து நிற்க வேண்டும். நேராக நிற்கும் இடத்தைத் தாண்டிவிட்டால் 'கொஞ்சம் பின்னால் திருப்பிக்கொள்ளலாம்' என்று ஆசை வரும். திருப்பினால் டேப்பின் பிடி விட்டுவிடும், மறுநாள் சுவரில் ஈரம் தெரியும். இன்னொரு சுற்றுக்கு வழியில்லை என்றால் கழற்றிப் பழைய டேப்பை எடுத்துவிட்டு, சுற்றின் எண்ணிக்கையைக் கூட்டி மறுபடி மாட்டுங்கள். எனக்கு முதல் குழாய் மூன்றாவது தடவையில்தான் நேராக நின்றது.

தண்ணீரைத் திறந்துவிடும்போது

மாடி வால்வைச் சட்டென்று முழுதாகத் திறக்காதீர்கள். கீழே எல்லாக் குழாயையும் கொஞ்சமாகத் திறந்துவைத்துவிட்டு, வால்வைப் பையப் பையத் திறங்கள். புஸ் புஸ்ஸென்று காற்று வரும், பழுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் வரும், அப்புறம் தெளியும். குழாய் வாயில் வலை இருந்தால் அதைக் கழற்றிவைத்துவிட்டுத் திறப்பது நல்லது.

சில வீடுகளில் ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வரவே வராது. லைனில் காற்று அடைத்துக்கொண்டிருக்கும். நன்றாக வரும் ஒரு குழாயையும் வராத குழாயையும் ஒரு துண்டு ஹோஸால் இணைத்து இரண்டையும் திறந்துவிட்டால், இங்கிருந்து போகும் தண்ணீர் அங்கே இருக்கும் காற்றை மேலே தள்ளிவிடும். நன்றாக வரும் குழாய் வேறு லைனைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், இரண்டும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்க வேண்டும்.

ஃபிளஷ் டேங்க்

கையோடு இதையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் குழாய் சொட்டினால் சத்தம் கேட்கும், இது சத்தமில்லாமல் குடிக்கும். ஃபிளஷ் டேங்கின் மூடியைத் திறந்து ஐந்தாறு துளி சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரையும் ஃபிளஷ் செய்ய விடாமல் இருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பர் சீல் கசிகிறது. சுவரில் அந்த டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, நடுவில் இருக்கும் குழலைக் கால்வட்டம் திருப்பினால் பல மாடல்களில் கழன்று வரும். சீலில் உப்புப் படிந்திருந்தால் கழுவித் திருப்பிப் போட்டுப் பாருங்கள்; தடித்து விறைத்திருந்தால் மாற்றுங்கள்.

மிஞ்சும் தண்ணீர் போகும் வழிகுழல் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் மிதவையின் உயரத்தைக் குறைக்க வேண்டும். குழலின் வாய்க்கு ஒரு இஞ்ச் கீழே தண்ணீர் நிற்பது சரியான அளவு. ஆங்கிள் வால்விலிருந்து டேங்குக்குப் போகும் கனெக்ஷன் பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கும். அங்கே டெஃப்லான் தேவையில்லை. அந்த பிளாஸ்டிக் நட்டைக் கையால் இறுக்கினாலே போதும், ஸ்பேனர் போட்டால் விரியும்.

எதில் கை வைக்கக் கூடாது

குழாயே இல்லாத சுவரில் ஈரம் பூத்தால், கீசரின் பாதுகாப்பு வால்வில் பிரச்சினை என்றால், கழிவு லைன் மாடியிலிருந்து கீழ் வீட்டுக்குள் கசிந்தால் இவற்றையெல்லாம் ஆளிடம் விடுங்கள். சிபிவிசி ஒட்டு கசிந்தால் மேலே பூசிப் பயனில்லை. அந்த இடத்தை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்க்கும் கப்ளிங் போட்டு, சிபிவிசிக்கு உரிய சொல்யூஷனால் ஒட்ட வேண்டும். வெள்ளை யுபிவிசி பைப்புக்கான சொல்யூஷன் இதற்கு ஆகாது. வெளியே தெரியும் பைப் என்றால் பொறுமையுள்ளவர் முயலலாம். பைப் உள்ளும் புறமும் காய்ந்திருக்க வேண்டும், டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடியும் வரை தண்ணீரைத் திறக்கக் கூடாது.

வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து எல்லா இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். இரவு படுக்கும் முன் குழாயை விரல் பலத்தில் மட்டும் மூடி, அடியில் அந்த டம்ளரைத் துடைத்து வையுங்கள். காலையில் அது காய்ந்திருந்தால், கழற்றிய பழைய ஸ்பிண்டிலைக் குப்பையில் போடாமல் ஒரு நூலில் கட்டி, 'கீழ் பாத்ரூம், வலப்பக்கம் திறக்கும்' என்று சீட்டு எழுதி டூல் பெட்டியில் போட்டுவிடுங்கள். அடுத்த முறை குழாயைப் பிரிப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் காட்டிப் புதியதை வாங்கிவிடலாம்.